விலாசதாரர் இல்லை

விடுதியறையைக் காலி செய்து ஊருக்குப் போய்விட்டவன் பெயருக்கு வரும் கடிதம் என்னவாகும்? அறை எண்ணை மட்டும் அறிந்த தபால்காரர் அங்கேயே போட்டுவிட்டுப் போவார். புதிதாகக் குடிவந்தவன் அதைப் பிரித்தாலும் பிரிப்பான்.

சி பிளஸ் பிளஸ் மொழியில் புரோகிராம் எழுதும் நண்பர்களுக்கு இத்தொல்லை புதிதன்று. ஒரு விண்டோ இணையத்தில் ஏதோ கேட்கிறது. விடை வந்ததும் இன்ன ஃபங்ஷனை அழை என்று சொல்லி வைக்கிறது. அதுவே கால்பேக். விடை வருமுன் விண்டோவை மூடிவிட்டால் அதன் மெமரி திரும்பப் பெறப்படுகிறது. கால்பேக்கின் கையிலோ பழைய முகவரி!

என் அறைத்தோழன் நம் சங்க நூலகத்துக்கு ஒரு புரோகிராம் செய்தான். நூல்களின் அட்டைப்படங்கள் இணையத்திலிருந்து வரும். கம்ப்யூட்டர் கூடத்தில் ஒரு குறையுமில்லை. விடுதியில் மட்டும் சில வேளை திடீரென்று நின்றுவிடும். கூடத்தில் இணைப்பு விரைவு. மூடுமுன் படம் வந்துவிடும். விடுதியிலோ ஆமை நடை.

“பத்துத் தடவைக்கு ஒரு தடவைதானே, விடப்பா” என்றான்.

நின்றுவிட்டால் நல்லதாயிற்றே! அவ்விடத்தில் வேறொரு பொருள் குடியேறியிருந்தால், புரோகிராம் நிற்காமலே அதன்மேல் எழுதிவிடும். ஒருவர் வாங்கிய நூல் இன்னொருவர் கணக்கில் ஏறினால் யார் கண்டுபிடிப்பது?

பிறகு அவன் ஷேர்டு பாயிண்டரைக் கொண்டுவந்தான். கால்பேக்கே விண்டோவைப் பிடித்துக்கொள்ளும். கடைசிப் பிடி விடும்வரை அது அழியாது. கிராஷ் நின்றது, மெய்தான். ஆனால் விண்டோ கால்பேக்கைத் தன்னுள் வைத்திருந்தது. கால்பேக் விண்டோவை விடவில்லை. மூடிய விண்டோக்கள் கண்ணுக்குத் தெரியாமல் குவிந்து, மாலைக்குள் நூலகத்தின் பழைய கம்ப்யூட்டர் திணறியது.

விண்டோவின் ஆயுளைத் தீர்மானிக்கும் உரிமை அதை மூடுபவருக்கு உரியது. விடை கொண்டுவருபவனுக்கு அதில் என்ன பாத்தியதை? 2011 ஆம் ஆண்டுத் தரத்தில் இடம்பெற்ற வீக் பாயிண்டர் இதற்கென்றே அமைந்தது போலும். அது பொருளைப் பிடித்து வைப்பதில்லை. லாக் என்னும் ஃபங்ஷனால், ‘இருக்கிறாயா?’ என்று கேட்கும். இருந்தால் வேலை முடியும்வரை பிடித்துக்கொள்ளலாம். இல்லையேல் பேசாமல் திரும்பிவிடலாம். க்யூட்டியில் எழுதுவோர், கனெக்ட் செய்யும்போது விண்டோவையே கான்டெக்ஸ்ட் பொருளாகத் தந்தால், அது அழியும்போது இணைப்பும் அறுந்துபோகும்.

மூடும்போதே கோரிக்கையை ரத்து செய்தால் போதாதா என்பீர்கள். செய்வது நன்று, ஆயினும் விடை அதற்குள் வந்து வரிசையில் காத்திருக்கக்கூடும். கேட்டுப் பார்ப்பதைத் தவிர்க்க முடியாது.

தோழன் கால்பேக்கில் ஓரிரு வரிகளை மாற்றினான். இப்பொழுதெல்லாம் சோதிப்பதற்குக் கூடத்துப் பக்கம் போவதே இல்லை. விடுதியின் ஆமை இணைப்பே அவனுக்குப் போதுமாம்.