எங்கள் வீட்டு நிலத்தில் ஒரு சீமெந்துப் பாதை

எங்கள் வீட்டுக்கு முதன்முறையாக வருபவர்கள் ஹோலுக்குள் கால் வைத்ததும் நிலத்தைத்தான் பார்ப்பார்கள். வெள்ளை மாபிள் பதித்த நிலம். அதன் நடுவே, அம்மாவின் அறை வாசலில் இருந்து குசினி வாசல் வரை, இரண்டடி அகலத்தில் சாம்பல் நிறச் சீமெந்து ஓடுகிறது. "காசு முடிஞ்சு போச்சோ?" என்று சிலர் கேட்பார்கள். "பைப் உடைஞ்சு திருத்தினதோ?" என்று வேறு சிலர் கேட்பார்கள். இரண்டும் இல்லை. பதித்த மாபிளை நானே உடைப்பித்தேன். வீடு கட்டிக்கொண்டிருக்கும் சகோதரிகளுக்கும், கட்டிய வீட்டை இன்னும் முடிக்காமல் வைத்திருக்கும் சகோதரிகளுக்கும் அந்தக் கதையைச் சொல்லவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

2009ஆம் ஆண்டு வைகாசியில் என் கணவரை இழந்தேன். அதற்கு ஒரு மாதம் முன்னர் விழுந்த செல்லில் அம்மாவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அம்மாவும் நானும் 10 வயது மகளும் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தோம். அந்த ஆண்டு ஆவணியில் பெய்த மழையில் கூடாரத்துக்குள் வெள்ளம் வந்தது. காயம் முழுதாக ஆறாத அம்மாவை இரண்டு தண்ணீர்க் கான்களின் மேல் பலகை வைத்து இருத்தினோம். மகள் என் மடியில். விடியும்வரை என் இரண்டு கால்களும் சேற்றுக்குள் இருந்தன. கால் வைத்தால் ஒன்றும் ஒட்டாத ஒரு நிலத்தில் என்றாவது நான் இருக்கவேண்டும் என்ற ஆசை அன்றுதான் எனக்குள் விழுந்தது.

விசுவமடுவில் எங்கள் காணிக்குத் திரும்பியபோது கிணறும் இரண்டு தென்னையும்தான் மிஞ்சியிருந்தன. தகரக் கொட்டிலில் இருந்தோம். அம்மாவுக்குச் செயற்கைக் கால் கிடைத்தது. பகலில் அதைப் போட்டுக்கொண்டு நடப்பா. இரவில் கழற்றி வைத்துவிட்டு ஊன்றுகோலோடு எழும்புவா. 2012 ஒக்ரோபரில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் அடுத்த வருடம் எங்கள் பெயரும் வந்தது. 550,000 ரூபா. வேலை முடிய முடியக் கட்டம் கட்டமாக வங்கிக்கு வரும். வீட்டை நாமே நின்று கட்டவேண்டும். 550 சதுர அடியில் இரண்டு அறை, ஹோல், குசினி. நானும் மகளும் கல் சுமந்தோம், மணல் அரித்தோம், சுவருக்குத் தண்ணீர் ஊற்றினோம். சுவரும் கூரையும் முன்கதவும் நின்றுவிட்டன. அம்மா வாசலில் கதிரை போட்டு இருந்து ஒவ்வொரு வரிக் கல்லையும் எண்ணினா.

அந்த நேரம் கனடாவில் இருக்கும் தம்பி 80,000 ரூபா அனுப்பினான். மிச்ச வேலைகளை ஒரு கொப்பித் தாளில் எழுதினேன். யன்னல் கதவுகள், பின்கதவைத் திருத்துதல், பின்பக்கம் படிக்குப் பதிலாகச் சாய்தளம், மலசலகூடத்துக்குக் கைபிடி, ஹோல் நிலம். எல்லாவற்றுக்கும் காசு காணாது. எதை முதலில் செய்வது என்று ஒருவரையும் கேட்கவில்லை. ஹோலுக்கு மாபிள் என்று நானே முடிவெடுத்தேன். தம்பிக்குப் படம் அனுப்பவேண்டும். மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், நாலு பேர் வந்துபோவார்கள். உண்மையைச் சொன்னால் இவையெல்லாம் சாட்டு. அந்தச் சேற்று இரவுதான் காரணம். மினுமினுக்கிற வெள்ளை மாபிளைக் கடையில் கண்டதும் எனக்குக் கண் கலங்கியது. வாங்கிவிட்டேன். பதித்து முடித்த அன்று வெறுங்காலோடு அதன்மேல் நடந்து பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை.

யன்னல்களுக்கு உரப்பை கட்டினோம். பின்கதவில் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. ஆனால் வெயிலுக்குக் கதவு சுருங்கி வளைந்துவிட்டதால் தாழ்ப்பாளின் கம்பி நிலையில் இருந்த ஓட்டைக்குள் போகாது. இழுத்துப் பார்த்ததில் தாழ்ப்பாளே கையோடு வந்துவிட்டது. மூன்று பெண்கள் மட்டும் இருக்கிற வீடு. பின்னால் பற்றைக்காடு. என்ன செய்வேன்? இரவானதும் நெல்லுக் குத்தும் உரலை உருட்டிக்கொண்டு வந்து பின்கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுப் படுப்பேன். விடிய உருட்டி ஓரமாக்குவேன். அதை ஒரு குறையாகவே நான் நினைக்கவில்லை.

மலசலகூடம் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. ஒற்றைக் காலில் ஊன்றுகோலோடு நிற்கிறவவால் உரலை அசைக்கமுடியாது. அதனால் அம்மா பொழுதுபட்ட பிறகு தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தா. என்னை எழுப்பக்கூடாது என்று விடியும்வரை அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறா. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

2013 கார்த்திகை. காற்றோடு மழை. உரப்பையைக் கிழித்துக்கொண்டு ஹோலுக்குள் தூவானம் அடித்தது. சாமம் கழிந்து அம்மாவுக்கு அடக்கமுடியவில்லை. பின்கதவில் உரல். ஆகவே முன்கதவால் போய் வீட்டைச் சுற்றலாம் என்று ஹோலுக்குள் வந்திருக்கிறா. ஈர மாபிளில் ஊன்றுகோல் வழுக்கியது. விழுந்த சத்தத்தில்தான் நான் எழும்பினேன். விளக்கைப் போட்டபோது அம்மா வெள்ளை நிலத்தில் ஒருக்களித்துக் கிடந்தா. இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. உடுப்பெல்லாம் நனைந்திருந்தது. அது மழைத் தண்ணீர் மட்டுமல்ல. என் முகத்தைப் பார்க்காமல், "மாபிள் வடிவாய்த்தான் இருக்கு மோனை. எனக்குத்தான் கால் இல்லை" என்றா.

அந்தச் சொல்லை இன்று நினைத்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கும். வீட்டைக் கட்டினேன், ஆனால் அந்த வீட்டில் யார் நடக்கப்போகிறார்கள் என்பதை எண்ணாமல் கட்டினேன்.

அம்மா ஆஸ்பத்திரியால் வந்த பின்னரும் நடக்கப் பயந்தா. கட்டிலை விட்டு இறங்கமாட்டா. நான் அயலில் இருந்த வயதான ஆசாரியாரிடம் போனேன். அவர் வந்து முதலில் மாபிளைப் பார்க்கவில்லை. பின்கதவைத்தான் பார்த்தார். தாழ்ப்பாள் இருந்த இடத்தை விரலால் தடவிவிட்டுச் சொன்னார்:

"பிள்ளை, திருகாணியைச் சுத்தியலாலை அடிச்சு இறக்கியிருக்கிறாங்கள். அடிச்சால் அது பிடிக்காது, மரத்தைப் பிய்ச்சுப்போடும். சின்னதாய்த் துளை போட்டுத் திருகித்தான் இறக்கவேணும். அதுவும் அரை அங்குல ஆணி. ஆரும் ஒருக்கால் தோளாலை தள்ளினால் காணும்."

கதவு வளைந்ததற்கும் காரணம் சொன்னார். பச்சை மரத்தில் செய்த கதவாம். காயாத மரம் வெயிலுக்குச் சுருங்கும், மாரிக்கு ஊதும். அவர் கதவைக் கழற்றிச் சீவி, இரண்டு பிணைச்சல் இருந்த இடத்தில் மூன்று நாலங்குலப் பிணைச்சல் போட்டார். தாழ்ப்பாளை ஒன்றரை அங்குலத் திருகாணியால் இறுக்கினார். அம்மா நின்றபடியே கை எட்டும் உயரத்தில் அதை வைத்தார். அதற்குக் கீழே ஒரு திறாங்கும் போட்டார். இரண்டு பக்கமும் இரும்புக் கொளுக்கி, நடுவே ஒரு பாலைக் கட்டை. ஒரு கையால் தூக்கலாம். தாழ்ப்பாளும் திருகாணியும் சேர்ந்து ஐந்து மாபிளின் விலைகூட வரவில்லை. அன்று இரவு உரல் குசினி மூலையிலேயே கிடந்தது.

பிறகு நிலம். மாபிளுக்கு மேல் பாய் போடலாம் என்று நினைத்தேன். ஆசாரியார் வேண்டாம் என்றார். பாய் நகரும், அதன் விளிம்பில் செயற்கைக் கால் தடக்கும். அப்போதுதான் உடைக்கும் எண்ணம் வந்தது. வீடு கட்டிய மேசனையே கூப்பிட்டேன். அவர் உளியைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, மாபிளை உடைச்சுச் சீமெந்து போடுற வீட்டை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றார். முதலாவது மாபிளை உடைத்தபோது நான் வெளியே போய்விட்டேன். இரண்டாவதுக்குத் திரும்பி வந்து பக்கத்தில் நின்றேன். 11 அடி நீளம், 2 அடி அகலம். 22 மாபிள்.

அரித்த ஆற்றுமணல் மூன்று பங்கு, சீமெந்து ஒரு பங்கு. மாபிளின் மட்டத்துக்குச் சரியாக நிரப்பவேண்டும். கால் அங்குலம் உயர்ந்தாலும் கால் தடக்கும், தாழ்ந்தாலும் தடக்கும். சீமெந்து இறுகத் தொடங்கும்போது, நடக்கும் திசைக்குக் குறுக்கே ஈர்க்குமாற்றால் மெல்ல இழுத்துக் கோடு போட்டோம். பிறகு ஏழு நாள் நனைத்த சாக்குப் போட்டு வைத்தோம். காயவிட்டால் வெடிக்கும், மாவாய் உதிரும் என்பது சுவர் கட்டும்போதே நான் படித்த பாடம்.

மற்றவற்றை ஒவ்வொன்றாகக் காசு கிடைக்கக் கிடைக்கச் செய்தோம். பின்படியின் உயரம் ஒன்றரை அடி. மேசன் ஆறடியில் சாய்தளம் போடலாம் என்றார். மேற்பார்வைக்கு வரும் தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கேட்டேன். ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும், இல்லாவிட்டால் ஏறவும் கஷ்டம், இறங்கும்போது வழுக்கும் என்றார். ஒன்றரை அடிக்கு 18 அடி. காணி இருந்தது, போட்டோம். மலசலகூடத்தில் குந்தும் பீங்கான் ஏற்கெனவே பதித்தாயிற்று. அதை மாற்றாமல், ஆசாரியார் ஒரு பலமான மரக்கதிரையின் நடுவில் வட்டமாக வெட்டி மேலே வைத்துத் தந்தார். சுவரோடு ஒன்றரை அங்குல இரும்புக் குழாய்க் கைபிடி. சீமெந்துக் கல்லில் ஆணி அடித்து மாட்டினால் ஆள் பாரம் தாங்காது. அதனால் சுவரை வெட்டிக் குழாயின் நுனியைக் கொங்கிறீட்டில் புதைத்தோம். கதவையும் வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினோம். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், உட்பக்கம் திறக்கும் கதவை அவருடைய உடம்பே மறித்துக்கொண்டிருக்கும். இதை நினைத்துப் பார்த்திருப்பீர்களா? நான் நினைக்கவில்லை.

சாக்கு எடுத்த அன்று அம்மா செயற்கைக் காலைப் போட்டுக்கொண்டு அறை வாசலில் நின்றா. கீழே பார்த்தா. என்னைப் பார்த்தா. "இவ்வளவு காசு குடுத்துப் போட்டதை..." என்று தொடங்கி நிறுத்திவிட்டா. பிறகு ஊன்றுகோலைச் சீமெந்தில் ஊன்றிப் பார்த்தா. அது நின்றது. குசினி வரை நடந்து, பின்கதவின் தாழ்ப்பாளைத் தானே திறந்து, வெளியே போனா. அன்று இரவு படுக்கும்போது ஒரு செம்பு தண்ணீர் கேட்டா. முழுவதையும் குடித்தா.

சகோதரிகளே, எங்களில் பலர் ஆண்துணை இல்லாமல் வீடு கட்டினோம். பிணைச்சல் என்றும் திறாங்கு என்றும் கேட்டால் ஆம்பிளைகளின் விஷயம் என்று பேசாமல் இருந்தோம். பெயர் தெரியாவிட்டால் விரலால் காட்டிக் கேளுங்கள், வெட்கமில்லை. கதவு வாங்கும்போது மரம் காய்ந்ததா என்று கேளுங்கள். திருகாணியைத் திருகித்தான் பூட்டவேண்டும் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். மாபிள் வாங்கப் போனால் கடையிலேயே அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் தேய்த்துப் பாருங்கள். மினுக்கம் குறைந்த, கையில் சொரசொரக்கும் மாபிளும் இருக்கிறது. ஊன்றுகோலின் அடி றப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள். காசு குறைவாக இருந்தால் முதலில் கதவையும் தாழ்ப்பாளையும் மலசலகூடத்துக்குப் போகும் வழியையும் முடியுங்கள். வடிவு பிறகு வரட்டும்.

வடிவை விரும்பியது பிழை என்று நான் சொல்லவில்லை. சேற்றில் இருந்து வந்தவர்களுக்கு மினுங்குகிற நிலத்தில் ஆசை வருவது இயற்கை. மிச்ச மாபிள் இன்றும் எங்கள் ஹோலில் வெள்ளையாகத்தான் இருக்கிறது. நான் தினமும் துடைக்கிறேன்.

பத்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. மகள் கலியாணமாகிப் போய்விட்டாள். அம்மா இப்போதும் நடக்கிறா. போன வருடம் தம்பி வந்தபோது, "அக்கா, இதை உடைச்சுப்போட்டு முழுக்கப் புது மாபிள் போடுவம், நான் காசு தாறன்" என்றான். வேண்டாம் என்றேன். எனக்கும் இப்போது முழங்கால் நோகத் தொடங்கிவிட்டது. மழை நாளில் நானும் அந்தப் பாதையால்தான் நடக்கிறேன்.