மாதிரிச் சக்கரம்

மூர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் முதலில் வந்து மோதுவது வாசனைதான், ஞாபகமிருக்கிறதா? பழைய புத்தகங்களின் மக்கல், கிளிக் கூண்டுகளின் எச்சம், எங்கோ வேகும் மசால் வடை. காற்று திரும்பினால் பக்கத்து மிருகக்காட்சி சாலையின் வாடையும் சேர்ந்துகொள்ளும். வாசலில் மோடி மஸ்தான் பாம்புக்கும் கீரிக்கும் சண்டை விடப்போவதாகச் சொல்லிக்கொண்டே இருப்பான். விட்டதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருந்தால் அதிர்ஷ்டசாலி.

சூளையிலிருந்து அப்பாவும் நானும் நடந்தே போவோம். அப்பாவின் சட்டைப் பையில் காகிதத்தில் மடித்த ஏதாவது ஒரு பழைய பாகம் இருக்கும். மைக் செட்காரர் ஒருவர் கேசட்டுக்கு மாறியபோது கழித்துக் கட்டிய கெரார்டு ரெக்கார்டு பிளேயரை அப்பா வாங்கி, மரப்பெட்டி அடித்து வைத்திருந்தார். கல்யாணப் பந்தல்களில் விடிய விடியச் சுற்றிக் களைத்த மிஷின் அது. ஒரு மாதம் முள் போகும், அடுத்த மாதம் ஸ்பிரிங் போகும். இங்கிலாந்தில் ஸ்விண்டனில் செய்த சாமானுக்கு உதிரிபாகம் தேடி நாங்கள் அலைந்தது சென்ட்ரலைத் தாண்டியதில்லை.

உள் முற்றத்தைச் சுற்றிவந்தால் மூலையில் பாயின் கடை. கடையென்ன, ஒரு மேசை, தலைக்கு மேல் தொங்கும் ஒயர்கள், சுற்றிலும் பிஸ்கட் டின்கள். ஒரு டின்னில் முட்கள். 78-க்குத் தடித்த முனை, எல்.பி.க்கு மெல்லிசு. முள்ளைக் கண்ணருகே தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, “இது தேஞ்சி பூச்சி தம்பி, பிளேட்ட உழுதுடும்” என்பார். டின் எதிலும் எழுத்தே இருக்காது. குலுக்கிச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பார்.

நிற்கிற நேரத்தில் பாடமும் நடக்கும். மோட்டார் தண்டின் மேல் படிப்படியாக ஒரு சின்னப் புல்லி. அதற்கும் தட்டின் உள்விளிம்புக்கும் நடுவே ரப்பர் சக்கரம். சக்கரம் பெரிசோ சிறிசோ, வேகம் மாறாது. வேகமெல்லாம் புல்லியின் பருமனில்தான் என்பார் பாய். நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. அமெரிக்காவிலிருந்து வந்த செட்டுகளுக்கென்று தனியாக ஒரு டின் புல்லி வைத்திருந்தார். அங்கே கரண்டு 60 சைக்கிள், நம்மிடம் 50. புல்லியை மாற்றாமல் ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, பி.சுசீலா ஜலதோஷம் பிடித்தவர்போல் பாடுவார்.

பாய் கண்டிப்பாக இருந்தது ஒரே ஒரு விஷயத்தில். பாட்டு முடிந்ததும் லீவரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட வேண்டும். தள்ளாவிட்டால் புல்லி அழுத்தி அழுத்தி ரப்பரில் பள்ளம் விழும். அப்புறம் பாட்டுக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல் டொக் டொக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அப்பா ஒருநாள் மறந்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது தட்டல் தொடங்கியிருந்தது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தோம். சைக்கிள் கடையில் ட்யூபை வளையமாக வெட்டி மாட்டிப் பார்த்தோம். நாகஸ்வரம் அழுதது.

1985 மே மாதக் கடைசி. கத்திரி முடிந்தும் வெயில் தணியவில்லை. பாய் சக்கரத்தை வாங்கி நகத்தால் அழுத்தினார், முகர்ந்துகூடப் பார்த்தார். “மாதிரிக்கு இங்கியே இருக்கட்டும். அடுத்த வாரம் வா, ஜோடி புடிச்சி வெக்கறேன்.” சாதாரணமாக அப்பா மாதிரியைக் கையைவிட்டுக் கொடுக்கிறவர் இல்லை. அன்றைக்கு என்னவோ கொடுத்துவிட்டார். திரும்பும் வழியில் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார்.

30-ம் தேதி மார்க்கெட் எரிந்தது. தீ அடங்கிய பிறகு போனபோது செங்கல் சுவர்கள் நின்றன, உள்ளே வானம் தெரிந்தது. எரிந்த காகிதத்தின் வாடையோடு ரப்பர் வாடையும் கலந்திருந்ததாக அப்பா கடைசிவரை சொல்வார். எனக்கு அப்படித் தெரியவில்லை. சொல்லவில்லை.

கடைக்காரர்கள் பலர் அல்லிக்குளத்துக்குப் போனார்கள். அங்கே எத்தனையோ முறை தேடினோம். ரிச்சி தெருவிலும் கேட்டோம். “சாம்பிள் இருக்கா சார்?” என்பார்கள். அதே ஆண்டு மிருகக்காட்சி சாலையும் வண்டலூரில் புது இடத்தில் திறந்தார்கள். மார்க்கெட் நின்ற இடத்தில் இப்போது புறநகர் ரயில் டிக்கெட் வரிசை.

பிளேயர் என்னிடம்தான் இருக்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டுகிறேன். மூடுவதற்கு முன் லீவரை நியூட்ரலுக்குத் தள்ளிவிடுகிறேன். அழுத்துவதற்கு உள்ளே சக்கரம் இல்லை.