தவணைக் காலமும் தீராத களைப்பும்

நவீன வாழ்க்கை மனிதனைக் களைப்படையச் செய்கின்றது என்பது பெருநகரங்களிற் பிறந்த குற்றச்சாட்டாகும். 1974 இல் அமெரிக்க உளவியலாளர் ஹேர்பேட் புறொய்டன்பேர்கர், இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டாற்றியோர் எண்ணெய் வற்றிய விளக்குகள் போன்று அணைந்து போவதைக் கண்டு, அந்நிலையைப் பெயரிட்டு எழுதினார். 2019 இல் உலக சுகாதார நிறுவனம் அதனைத் தொழில்சார்ந்ததொரு நிகழ்வாகத் தன் நோய்ப் பகுப்பிற் சேர்த்துக்கொண்டது. வாழ்வின் ஏனைய துறைகளுக்கு அச்சொல்லை வழங்கலாகாது என்றும் வரையறுத்தது. இவ்வரையறையைக் கையிற் கொண்டு முள்ளிவாய்க்காலுக்குச் செல்பவர் வெறுங்கையுடனேயே திரும்ப நேரிடும். கணவனை இழந்து, முற்றத்திலிருந்து மீன் வெட்டிக் கருவாடு போடும் பெண்ணுக்குத் தொழிற்களம் எது, வீடு எது? அவளுக்கு அலுவலக நேரமும் இல்லை, விடுமுறையும் இல்லை. அவள் தன் நிலையைச் சொல்ல வைத்திருப்பது ஒரே சொல்: "ஏலாமல் கிடக்கு." உடலையும் மனத்தையும் கையிருப்பையும் ஒருங்கே குறிக்கும் இச்சொல்லுக்கு நிகரான கலைச்சொல்லை உளவியல் நூல்களில் தேடிப் பயனில்லை.

ஒரு பக்கம் பெருங்கடலும் மறுபக்கம் நந்திக்கடலும் அணைத்துக்கிடக்கும் இந்த மணற்பரப்பு, நுகர்வுப் பண்பாட்டை மிகப் பிந்தியே கண்டது. 1990 இல் வன்னியின் பொருளாதாரத் தடை தொடங்கியது. பெற்றோல், மண்ணெண்ணெய், பற்றறி, சீமெந்து, சவர்க்காரம் முதலியன தடைக்கோ கட்டுப்பாட்டுக்கோ உட்பட்டிருந்த ஆண்டுகள் அவை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினர். இவற்றை இன்று நினைவுகூர்வோர் சிலர், அக்காலமே எளிய வாழ்வின் பொற்காலம் என எழுதத் தலைப்படுகின்றனர். அது பிழையான கூற்று. தானாக விரும்பித் துறப்பது எளிமை. பிறர் தடுத்தமையால் இல்லாதிருப்பது இன்மை. சவர்க்காரம் இல்லாத வீட்டிற் குழந்தைக்குச் சிரங்கு வந்தபோது தாய் எளிமையைப் போற்றியிருக்க மாட்டாள்.

2009 மே மாதத்தில் அந்த இன்மையும் முற்றுப்பெற்றது எனலாம். இழப்பதற்கு மேலும் ஏதும் எஞ்சவில்லை. வட்டுவாகல் பாலத்தைக் கடந்தோரிற் பலர் உடுத்த உடையுடனும் ஒரு பையுடனுமே கடந்தனர். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. மீண்டு வந்தோர் கண்டது கூரையற்ற சுவர்களையும், முறிந்த பனைகளையும். ஏ9 வீதியால் பொருள்கள் வந்தன. அவற்றுக்கு முன்பாகவே கடன் வந்தது. மோட்டார் சைக்கிளும் முச்சக்கரவண்டியும் உழவு இயந்திரமும் லீசிங்கிற் கிடைத்தன. தொலைக்காட்சியும் அலுமாரியும் தவணைக்கு வீட்டு வாசலில் இறக்கப்பட்டன.

ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. நுகர்வுப் பண்பாட்டைக் கண்டிப்போர் பெரும்பாலும், ஏற்கனவே நிறைந்த வீட்டில் மேலும் ஒரு பொருளை வாங்குபவனையே மனத்திற் கொண்டு பேசுகின்றனர். சட்டி பானை முதல் யாவற்றையும் இழந்தவள் ஓர் அலுமாரி வாங்குவதற்கு அவ்வாதம் பொருந்துமா? அலுமாரி உடைகளை வைப்பதற்கு மட்டுமன்று. மறுபடியும் ஓடவேண்டியதில்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதற்கும் ஆகும். அவள் ஆசை குற்றமன்று. வருமானம் வருமுன்னர் வட்டி வந்து சேர்ந்ததே குற்றம்.

நுண்கடன் என்னும் பெயரில் நுண்மை இருந்ததேயன்றி வட்டியில் இருக்கவில்லை. பெண்களைக் குழுவாக்கி, ஒருவர் கடனுக்கு மற்றவர் பிணை என வைத்தனர். ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் கட்டவேண்டும். ஆதலின் துயரில் தோள் கொடுத்த அயலவளே கடன் கேட்பவளாக மாறினாள். போரும் முகாமும் அறுக்காத உறவை வாரத் தவணை அறுத்தது. வற்றாப்பளை அம்மன் பொங்கலைக் கொண்டு ஆண்டை அளந்த வீடுகளில், கிழமை தோறும் பணம் வாங்க வருபவரின் மோட்டார் சைக்கிள் ஒலியே நாட்காட்டியாயிற்று. அந்த ஒலி கேட்டதும் பின்வேலியால் அயல்வீட்டுக்கு நழுவுவதும், பிள்ளையைக் கொண்டு "அம்மா இல்லை" எனச் சொல்விப்பதும் வழக்கமாயின. முதற் கடனை அடைக்க இரண்டாவதும், அதனை அடைக்க நகை அடகும் எனத் தொடர்ந்த ஓட்டத்தில் அவள் இரவிலும் உழைத்தாள். வாங்கிய மோட்டார் சைக்கிளோ, தவணை தவறியதால் நடுவீதியிற் பறிபோகும்.

அரசு இதனை அறியாமலிருக்கவில்லை. வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களுள் தவணை தவறியவற்றுக்கு 2018 இல் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. ஆண்டு வட்டிக்கு 35 வீதம் என உச்சவரம்பும் கூறப்பட்டது. 35 வீதம் நிவாரணமாகத் தோன்றுமாயின், அதற்கு முன்பிருந்ததை ஊகிக்கலாம். 2021 மார்ச் 8 ஆம் நாள், பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் நுண்கடனை நீக்குமாறு கோரிச் சத்தியாக்கிரகம் தொடங்கினர். வாரத் தவணை மொழி பார்க்கவில்லை. இரு பகுதிப் பெண்களும் ஒரே மேடையில் அமர்ந்து பேசவேண்டிய பொருள் ஒன்று உண்டென்பது பல்கலைக்கழகக் கருத்தரங்குகளுக்கு எட்டுமுன்னரே அவர்களுக்கு எட்டியிருந்தது.

பின்னர் 2022 வந்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுகள் மண்ணெண்ணெயிலேயே கடலுக்குச் செல்வன. ஒரு நாட் பாட்டின் செலவை அந்நாளின் மீன் ஈடுசெய்யாத நிலை தோன்றியது. தடைக்காலத்திற் கிடையாத எண்ணெய் இப்போது விலையாற் கிடையாமற் போயிற்று. படகுகள் மணலில் இழுத்துப் போடப்பட்டன. ஆண்கள் பகல் முழுவதும் கரையிற் குந்தியிருந்தனர். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது ஓய்வு போலத் தோன்றியிருக்கும். அந்நாட்களிலும் வீட்டு வாசலுக்கு மோட்டார் சைக்கிள் வந்தது.