வழி சொன்ன மௌலவி

திருவண்ணாமலை இரமணாசிரமத்தருகே, செங்கம் சாலையில் விடியற்காலைப் பேருந்துக்குக் காத்திருக்கும் முஸாஃபிர், இஷாவை இரண்டு ரக்அத்தாகச் சுருக்கித் தொழுதபின் எஞ்சிய இரவை எங்ஙனம் பயனுறக் கழிப்பது? பௌர்ணமியாயின், 14 கிலோமீட்டர் மலைப்பாதையைச் சுற்றுவோர் விடியும்வரை நடந்தவண்ணமிருப்பர்; வழி கேட்போரும் பலர்.

இவ்விடத்தில் ஒரு வரலாறு நினைவுகூரத் தக்கது. 1896 ஆகஸ்டில் மதுரையிலிருந்து புறப்பட்ட 16 வயது வேங்கடராமன், திண்டிவனத்திற்கே பயணச்சீட்டு வாங்கியிருந்தார். விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாறவேண்டுமென அவருக்கு உரைத்தவர், அதே பெட்டியில் பயணம் செய்த முதிய மௌலவி ஒருவர்! கையிருப்புப் போதாமல் இடையே நடந்தும், திருக்கோவிலூர் இரயில் நிலையத்தில் ஓர் இரவு காத்திருந்தும், செப்டம்பர் 1 அன்று அச்சிறுவர் இவ்வூரை அடைந்தார். அவரே பின்னாளில் ரமணர் எனப் பெயர் பெற்றவர்.

மார்க்கம் வேறாயினும் வழி சொல்ல அம்முதியவர் தயங்கவில்லை. வழி அறியாதவருக்கு வழிகாட்டுவதும் ஸதகாவே என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. காத்திருக்கும் இரவில் பணமின்றிச் செய்யத்தக்க தர்மம் இது.