வங்கிக்குள் தொங்கும் போர்வைகள்

பாஸ்டனிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் போனால் லோவெல். ஊர் முழுக்கக் கால்வாய்கள், கரையோரம் செங்கல் ஆலைகள். குயில்ட் எனப்படும் தையல் போர்வைகளின் அருங்காட்சியகத்தைப் பார்க்கப் போன நான், வழியில் பூட் பருத்தி ஆலைக்குள் நுழைந்துவிட்டேன். அங்கே 88 விசைத்தறிகளை இன்றும் ஓடும் நிலையில் வைத்திருக்கிறார்கள். சில தறிகள் ஓடினாலே தரை அதிர்கிறது. வாசலில் காதடைப்பான் கொடுக்கிறார்கள்.

1830-களில் இவ்வூர்த் தறிகளிடையே நாளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் நின்றவர்கள் பெரும்பாலும் சுற்றுப்புற விவசாயக் குடும்பங்களின் பெண்கள். 1834-இல் கூலியைக் குறைத்தபோதும், 1836-இல் விடுதிக் கட்டணத்தை ஏற்றியபோதும் தறியை விட்டுத் தெருவில் இறங்கியவர்கள். கூலியில் மிச்சம் பிடித்ததைப் பலர் லோவெல் சேமிப்பு வங்கியில் போட்டுவைத்தார்கள். அந்த வங்கிக்காக 1845-இல் எழுந்த கட்டடத்தில்தான் இப்போது குயில்ட்கள் தொங்குகின்றன. நியூ இங்கிலாந்து குயில்ட் கலைஞர்கள் சங்கம் 1987-இல் தொடங்கிய அருங்காட்சியகம் இது. பெரிய இடமில்லை, அவசரக்காரர் அரை மணியில் பார்த்து முடித்துவிடலாம்.

உள்ளே வெளிச்சம் மங்கல். பழைய துணிக்கு ஒளியே எதிரி, சாயத்தைத் தின்றுவிடும். கண் பழகப் பழக நிறங்கள் எழுந்துவருகின்றன.

குயில்ட் என்பது மூன்று அடுக்கு: மேலே துண்டுகளை இணைத்த முகத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் முதுகுத்துணி. மூன்றையும் நழுவாமல் பிடித்துவைப்பது ஊடுருவிப் போகும் நூலோட்டம். 'மரக்குடில்' என்றொரு பழைய வடிவம் உண்டு. நடுவில் ஒரு சிவப்புச் சதுரம், சுற்றிலும் கட்டைகளை அடுக்கியதுபோல் பட்டைகள். அந்தச் சிவப்புதான் வீட்டின் கணப்படுப்பு என்பார்கள்.

தமிழர் நின்று பார்க்க வேண்டியது வேறொன்று. அமெரிக்கப் பழங்குயில்ட்களில் ஒரு வகை, பூக்களையும் பறவைகளையும் அச்சுத்துணியிலிருந்து வெட்டியெடுத்து வெள்ளைத் துணிமேல் பதித்துத் தைத்தது. அந்தப் பூக்களின் பூர்வீகம் நம் சோழமண்டலக் கடற்கரைச் சீட்டித் துணி. பிறகு ஐரோப்பிய ஆலைகள் அதைப் பார்த்து அச்சடித்துத் தள்ளின. விலையுயர்ந்த துணியை வீணாக்க மனமின்றி ஒவ்வொரு பூவாகக் கத்தரித்த சிக்கனம், இன்று நமக்கு அலங்காரமாகத் தெரிகிறது.

1880-களில் பணக்கார வீடுகளில் கொடிகட்டிப் பறந்த பட்டு, வெல்வெட் 'கிறுக்குக் குயில்ட்'கள் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. போர்த்திக்கொள்ள முடியாத போர்வை எதற்கு? 1930-களின் பொருளாதார மந்தக் காலத்து மாவுப் பைக் குயில்ட்கள் மேல். பெண்கள் பையைப் பிரித்துத் தைப்பதைக் கண்ட கம்பெனிகள், பையிலேயே பூ அச்சிட்டு விற்றன.

லோவெல் ஆலைகளுக்கு அன்று வந்த பருத்தி தெற்கே அடிமைகள் பறித்தது. இங்கே நெய்த முரட்டுத் துணியில் ஒரு பகுதி அவர்களுக்கே உடையாகத் திரும்பிப் போனது. அலபாமாவின் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில், அந்த அடிமைகளின் வழிவந்த மிசௌரி பெட்வே, கணவர் இறந்த பின் 1942-இல் அவருடைய வேலை உடைகளைக் கிழித்தே ஒரு குயில்ட் தைத்தார். இன்று அது வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்தில் இருக்கிறது. அவர் பெயராவது தெரிகிறது. பெரும்பாலான பழங்குயில்ட்களைத் தைத்தவர் யாரென்றே தெரியாது.

வெள்ளைக் கையுறை போட்ட வழிகாட்டி ஒரு குயில்ட்டின் ஓரத்தைப் புரட்டிக் காட்டினார். முதுகில்தான் விஷயம். ஓர் இடத்தில் தையல் நெல்மணிபோல் நெருங்கியிருக்கிறது, இரண்டு சாண் தள்ளி நீள நீளமாக ஓடுகிறது. சட்டத்தைச் சுற்றி நாலைந்து பெண்கள் உட்கார்ந்து, ஊர்க்கதை பேசியபடி தைத்ததன் தடம் அது. எல்லோரும் வீடு திரும்பியதும், கோணல் தையலை வீட்டுக்காரி ராவோடு ராவாகப் பிரித்துத் திருத்திவிடுவாளாம்.

மூலையில் ஒரு முதிய தன்னார்வலர் சின்னச் சட்டத்தில் தைத்துக்கொண்டிருந்தார். விரலில் அங்குஸ்தான், கையில் குட்டை ஊசி. என்னையும் உட்காரவைத்தார். அவருடைய ஓர் அங்குலத்தில் பத்துத் தையல், என்னுடையதில் நாலு. பரவாயில்லை, அது அப்படியே இருக்கட்டும் என்றார்.

வாசலில் திரும்பிப் பார்த்தபோது அவர் கையில் சின்னக் கத்தரிக்கோல் இருந்தது.