ஜீரோவோடு சுத்தாதே!

கம்ப்யூட்டரில் சண்டை விமானம் ஓட்ட முதல் தடவை உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சாகிறார்கள். எதிரி விமானம் கண்ணில் பட்டதும் ஜாய்ஸ்டிக்கை (பல பேருக்கு அது கீபோர்டின் அம்புக்குறிதான்) பிடித்து ஒரே இழு. அவன் இடப்பக்கம் திரும்பினால் இவனும் இடப்பக்கம். அவனைவிட இறுக்கமாகச் சுத்தினால் வாலைப் பிடித்துவிடலாம் என்று கணக்கு. இரண்டு சுற்று நன்றாகப் போகும். மூன்றாவது சுற்றில் விமானம் ஒரு பக்க இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பம்பரம் மாதிரி சுழன்று தரைக்குப் போகும். "கேம்ல பக் இருக்குடா" என்பான் பையன். பக் ஒன்றும் கிடையாது. அதற்குப் பேர் ஸ்டால்.

வேகம் குறைந்தால்தான் ஸ்டால் ஆகும் என்று ஒரு நினைப்பு உண்டு. இறக்கை காற்றை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்பதுதான் உண்மையான விஷயம். கோணம் ஓர் அளவுக்கு மேல் போனால் எந்த வேகத்திலும் இறக்கை கைவிட்டுவிடும். நேராகப் பறக்கும்போது 120 கி.மீ. வேகம் வரை தாங்குகிற விமானத்தை 60 டிகிரி சாய்த்து, உயரம் குறையாமல் திருப்பினால் அதன் எடை இரண்டு மடங்கு ஆன மாதிரி இறக்கைக்குச் சுமை ஏறுகிறது. இப்போது 170-க்குக் கீழே வந்தாலே ஸ்டால். இன்னும் இறுக்கினால் இன்னும் மோசம். 2001-ல் வந்த ஐஎல்-2 ஸ்டுர்மோவிக் என்ற ரஷ்ய சிமுலேட்டர் இதையெல்லாம் ஓரளவு ஒழுங்காகக் கணக்குப் போட்டதால்தான், வெறும் சுடும் கேம் ஆடிப் பழகியவர்களுக்கு அது அவ்வளவு எரிச்சலைக் கிளப்பியது. :)

சரி, சுத்தாமல் எப்படிச் சண்டை போடுவது?

பி.காம் பசங்களுக்கு இதை ஒரே நிமிஷத்தில் சொல்லிவிடலாம். உயரம் என்பது பேங்கில் போட்ட டெபாசிட். வேகம் கையில் இருக்கிற ரொக்கம். மூக்கைக் கீழே சாய்த்தால் டெபாசிட்டை உடைத்து ரொக்கமாக்குகிறாய், மேலே தூக்கினால் ரொக்கத்தைத் திரும்ப டெபாசிட் செய்கிறாய். 300 கி.மீ. வேகத்தில் போகும் விமானம் 1000 மீட்டர் பாய்ந்து இறங்கினால், காற்றின் தடையை மறந்துவிட்டுப் பார்த்தால், 580 கி.மீ.க்கு மேல் போகும். ஒவ்வொரு இறுக்கமான திருப்பமும் செலவு. அந்தக் காசு திரும்பி வராது. இன்ஜின் என்பது மாதச் சம்பளம். வரும், ஆனால் மெதுவாகத்தான் வரும். மூன்று சுற்று சுத்தியவன் டெபாசிட்டும் இல்லாமல், ரொக்கமும் இல்லாமல் நடு வானத்தில் கையை விரித்துக்கொண்டு நிற்கிறான்.

கடலூர் துறைமுகத்துப் பக்கம் மீன் பொறுக்க வரும் பருந்தைப் பார்த்தால் போதும். மேலிருந்து ஒரே பாய்ச்சல், கவ்வல், அந்த வேகத்திலேயே திரும்ப மேலே. காக்கா துரத்தினால் காக்காவோடு வட்டம் அடித்துக்கொண்டிருக்காது, இன்னும் உயரே போய்விடும். சிமுலேட்டர் ஆசாமிகள் இதற்கு 'பூம் அண்ட் ஜூம்' என்று பெரிய பேர் வைத்திருக்கிறார்கள்.

உயரம் தருவது வேகம் மட்டுமல்ல. சண்டையை எப்போது ஆரம்பிப்பது, எப்போது விலகுவது என்று முடிவு செய்யும் உரிமை மேலே இருப்பவனுடையது. பாய்மரக் கப்பல் காலத்தில் இதே உரிமை காற்று வரும் பக்கத்தில் நிற்பவனுக்கு இருந்தது. அதற்கு உதாரணம் தேடி எங்கேயும் போக வேண்டாம். 1783 ஜூன் 20-ல் இதே கடலூர்க் கடலில் பிரெஞ்சுக்காரர் சஃப்ரனிடம் 15 போர்க்கப்பல், பிரிட்டிஷ் தளபதி ஹியூஸிடம் 18. காற்றுப் பக்கத்தைப் பிடிப்பதற்காகவே இரண்டு பேரும் சில நாள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கிடைத்தது சஃப்ரனுக்கு, ஆரம்பித்தவரும் அவரே. யாருக்கும் ஒரு கப்பல்கூட முழுகவில்லை, ஆனால் ஹியூஸ் சென்னைக்குத் திரும்பிவிட்டார். (இதில் கொடுமை, ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. சேதி இங்கே வந்து சேர்வதற்குள் இவர்கள் அடித்துக்கொண்டார்கள்.)

வானத்தில் அந்த உரிமை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கான பாடம் 1942 ஏப்ரல் 5 காலையில், கொழும்பில் நடந்தது. அன்று ஈஸ்டர் ஞாயிறு. நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து 120-க்கு மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் வந்தன. அவற்றில் சுமார் 36 ஜீரோ. கப்பல் கூட்டம் வருவதை முந்தின நாளே பெர்ச்சால் என்ற கனடா நாட்டு விமானி தன் கேட்டலினா விமானத்திலிருந்து பார்த்து ரேடியோவில் சொல்லிவிட்டார், அதற்காகச் சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறையும் பிடிக்கப்பட்டார். ஆக, வருவது தெரியும். ஆனால் காலையில் ராடார் எச்சரிக்கை வரவில்லை. இரத்மலானையில் இருந்த 30-வது ஸ்குவாட்ரன் ஹரிக்கேன்கள் தலைக்கு மேலே எதிரியைப் பார்த்த பிறகுதான் ஓடுதளத்தில் ஓட ஆரம்பித்தன.

விமானத்துக்கு இதைவிடக் கெட்ட நேரம் கிடையாது. உயரம் பூஜ்யம், வேகம் ஸ்டாலுக்குக் கொஞ்சம் மேலே, சக்கரம்கூட உள்ளே போகவில்லை. கொழும்பு குதிரைப் பந்தய மைதானத்திலிருந்து 258-வது ஸ்குவாட்ரன் கிளம்பியது. அங்கே ஓடுதளம் இருப்பது ஜப்பானியருக்குத் தெரியாததால் தரையிலாவது தப்பித்தார்கள். ஆனால் அவர்களுக்கும் ஜீரோக்கள் மேலேதான் இருந்தன. அன்று வீழ்ந்த ஹரிக்கேன், ஃபுல்மர் எல்லாம் சேர்த்து 20-ஐ ஒட்டி வரும். டார்பிடோ சுமந்துகொண்டு வழியில் வந்த ஆறு ஸ்வார்ட்ஃபிஷ்களும் போயின. ஜப்பானியருக்கு இழப்பு ஏழு விமானம், அதில் ஜீரோ ஒன்றே ஒன்று.

ஹரிக்கேன் மட்டமான விமானம் என்று நினைத்துவிடக் கூடாது. ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட்டைவிட அது இறுக்கமாகத் திரும்பும். பிரிட்டன் வானத்தில் உயிரைக் காத்த வித்தையே அதுதான். அதே வித்தையை ஜீரோவிடம் காட்டினால் தற்கொலை. முழுச் சுமையோடு ஜீரோ சுமார் 2400 கிலோ. ஹரிக்கேன் மூன்று டன்னைத் தாண்டும். இறக்கைப் பரப்பில் பெரிய வித்தியாசம் இல்லை, அப்புறம் யார் இறுக்கமாகச் சுத்துவார்கள் என்று கேட்கவே வேண்டாம்.

அந்த லேசான உடம்புக்கு ஜீரோ விலையும் கொடுத்தது. விமானிக்குக் கவசத் தகடு இல்லை, ஓட்டை விழுந்தால் தானே அடைத்துக்கொள்ளும் டேங்க் இல்லை. 1942 ஜூனில் அலூஷியன் தீவு ஒன்றில் விழுந்த ஜீரோவை அமெரிக்கர்கள் எடுத்துப் போய் ரிப்பேர் செய்து செப்டம்பரில் ஓட்டிப் பார்த்தார்கள். 200 நாட், அதாவது 370 கி.மீ. தாண்டினால் அதன் அய்லரான்கள் கல்லாக இறுகிவிடுகின்றன. மூக்கைத் திடீரென்று கீழே தள்ளினால் இன்ஜின் இருமுகிறது. பர்மாவில் ஷெனால்ட்டின் பறக்கும் புலிகள் இந்தப் பரிசோதனைக்கு முன்பே, மேலிருந்து பாய்ந்து அடி, நிற்காமல் போய்விடு, சுத்தாதே என்றுதான் பழகியிருந்தார்கள்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஐஎல்-2 1946 தொகுப்பு பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், ஹரிக்கேன், ஜீரோ இரண்டுமே அதில் உண்டு. குயிக் மிஷன் பில்டரில் நாலு ஹரிக்கேனை 500 மீட்டரில் வைத்து, ஜீரோக்களுக்கு உயர அனுகூலம் கொடுத்தால் இரத்மலானை ரெடி. எத்தனை நிமிஷம் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு அனுகூலத்தை மாற்றிப் போட்டு, ஒரு தடவைகூட முழு வட்டம் அடிக்காமல் ஆடிப் பார்க்க வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம். எதிரி முன்னாலேயே திரும்பும்போது கை தானாக ஸ்டிக்கை இழுக்கும்.

கம்ப்யூட்டர் கற்றுத் தராததும் இருக்கிறது. திருப்பத்தில் ரத்தம் காலுக்கு இறங்கிக் கண் இருட்டுவதைத் திரையைக் கறுப்பாக்கிக் காட்டலாம், கழுத்து வலியைக் காட்ட முடியாது. பயத்தையும்தான். ஏப்ரல் 9-ல் திருகோணமலையில் ராடார் சரியாக வேலை செய்தது, ஹரிக்கேன்கள் முன்கூட்டியே மேலே ஏறின, அப்படியும் எட்டு போல வீழ்ந்தன. அந்த விமானிகளில் பலருக்கு வயது இருபதைச் சுற்றித்தான், காலேஜ் பசங்க வயது. அவர்களிடம் 'ரீஃப்ளை' பட்டன் இருக்கவில்லை.