கணினியும் ஓர் அமானிதமே!



கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக் கொள்ளுமாறு திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 282ஆம் வசனம் பணிக்கிறது. திருமறையின் வசனங்களுள் மிக நீளமானது இதுவே என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். முன்பு பேரேட்டில் இருந்த அந்த எழுத்து இன்று கணினிக்குள் குடிபுகுந்துவிட்டது. குண்டடம் முதல் திருப்பூர் வரை பனியன் தொழிலை நம்பி வாழும் நம் வட்டாரத்தில், ஆர்டர் விவரம், நூல் இருப்பு, தொழிலாளரின் வாரக்கூலி ஆகியவை பல நிறுவனங்களில் ‘சர்வர்’ எனப்படும் மையக் கணினியில்தான் உள்ளன. பிறருடைய உரிமை அதில் அடங்கியிருப்பதால் அது நம்மிடமுள்ள அமானிதமாகும்.

கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளில் அவ்வப்போது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. அவற்றை அடைக்கத் தயாரிப்பாளர் அனுப்புவதே ‘பேட்ச்’. துணிக் கிழிசலுக்கு நாம் போடும் ஒட்டுப் போன்றது. விண்டோஸுக்கான திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுவனம் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது.

இதில் காட்டும் அலட்சியம் எங்கே கொண்டு விடும் என்பதை 2017ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு மார்ச் 14 அன்று ஓர் ஓட்டைக்குத் திருத்தம் வெளியானது. இரண்டு மாதங்கள் நிறைவதற்குள், மே 12 அன்று, அதே ஓட்டையின் வழியே ‘வான்னாகிரை’ என்னும் கொள்ளை நிரல் புகுந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டனர். சென்னையை அடுத்த ஒரகடத்தின் ரெனோ–நிசான் கார் ஆலையையும் அது விட்டு வைக்கவில்லை.

அப்படியானால், வந்தவுடன் எல்லாக் கணினிகளிலும் போட்டுவிடலாமா? அதுவும் கூடாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் நிறுவனம் தனது பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு புதுப்பிப்பை அனுப்பியது. அது இயங்குதளத் திருத்தமன்று. ஆயினும் பாடம் ஒன்றே. பிழையுடன் கூடிய அக்கோப்பு ஒரே சமயத்தில் எங்கும் சென்றதால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் ‘போர்டிங் பாஸை’க் கையால் எழுதிக் கொடுக்கும் நிலை வந்தது. நிதானம் இறைவனிடமிருந்தும் அவசரம் ஷைத்தானிடமிருந்தும் வருவதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய செய்தி திர்மிதியில் உள்ளது. நிதானம் என்பது தள்ளிப் போடுவதன்று, முறையாகச் செய்வதாகும்.

முறை யாது? நம் சாயப்பட்டறைகளே அதைக் கற்றுத் தருகின்றன. முழுத் துணியையும் சாயத்தில் இறக்குமுன் சிறு துண்டில் சாயமேற்றி, ‘லேப் டிப்’ என்று வாங்குபவருக்கு அனுப்பி, அவர் சம்மதித்த பிறகே மொத்தத்தில் கை வைப்பார்கள். திருத்தத்தையும் அவ்வாறே முக்கியமல்லாத ஒரு கணினியில் முதலில் போட்டு, கணக்கு மென்பொருளும் அச்சுப்பொறியும் சரியாக இயங்குகின்றனவா எனச் சில நாட்கள் பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்பாக, எல்லாக் கணக்குகளுக்கும் நகல் எடுங்கள். ஒரு நகல் கணினியோடு இணைக்கப்படாமல் தனியே இருக்கட்டும். இல்லையேல் கொள்ளை நிரல் அதையும் பூட்டிவிடும். அந்த நகலிலிருந்து கணக்கை மீட்க முடிகிறதா என்று ஒருமுறை செய்து பாருங்கள். மீட்டுப் பார்க்காத நகலை நம்பியிருக்க இயலாது.

சனிக்கிழமை கூலி கொடுக்கும் நாளில் சர்வரைத் தொடாதீர்கள். கூலி பட்டுவாடா முடிந்தபின், ஞாயிறு போன்ற ஓய்வு நாளில் செய்யுங்கள். பாதியில் மின்சாரம் நின்றால் இயங்குதளமே பழுதாகக் கூடும், எனவே யு.பி.எஸ். பேட்டரி நல்ல நிலையில் இருக்கட்டும். பழுது நேர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்பும் வழியை முன்பே அறிந்திருங்கள். எந்நாளில் எதைப் போட்டோம் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

தயாரிப்பாளரே கைவிட்ட பழைய மென்பொருளை வைத்துக் கொண்டு பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், சர்வர் 2012க்கான பொது ஆதரவு 2023 அக்டோபரிலும் முடிந்துவிட்டன. விலை கொடாமல் பெற்ற திருட்டு மென்பொருளோ இன்னும் கேடு. பிறர் உழைப்பை அபகரிப்பது ஹலாலாகாது. அதனுள் என்ன நஞ்சு கலந்துள்ளது என்பதையும் நாம் அறியோம்.

ஒரு வாரக் கணக்கு அழிந்தால் முதலாளிக்கு நட்டம். கூலியை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்திலோ அடுப்பு எரியாது. கணினி வேலையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்வோம். அமானிதத்தைப் பேணும் நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.